டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு வீட்டில் வாசிப்பு: எழுத்தில் தொடங்குவதா, சொல்லில் தொடங்குவதா?

டவுன் சிண்ட்ரோம் உள்ள மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே வாசிக்கச் சொல்லித்தரலாம் என்று முடிவானதும், பெரும்பாலான வீடுகளில் முதலில் வாங்குவது அ, ஆ, இ, ஈ சார்ட்தான். அதைச் சுவரில் மாட்டி, தினமும் விரல்வைத்துச் சொல்லவைப்பார்கள். சில மாதங்களில் குழந்தை படத்தைப் பார்த்து ‘ஆடு’ என்று சொல்லும். படத்தைக் கையால் மறைத்தால் நம் முகத்தைப் பார்க்கும். ‘இதுக்குப் படிப்பு ஏறாது’ என்று அந்த இடத்திலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது அநியாயமான முடிவு. குழந்தைக்கு வாசிப்பு வருமா என்பதை அந்த சார்ட் சோதிக்கவே இல்லை. அந்தக் குழந்தைக்கு எது மிகக் கடினமோ அதைத்தான் முதல் நாளிலேயே அதன்முன் வைத்தது.

பெற்றோர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, உயிர், மெய், உயிர்மெய் என்று எழுத்து வரிசையில் போய்ப் பிறகு சொல்லுக்கு வருவது. இரண்டு, முழுச் சொல்லைப் படம்போல அடையாளம் காணவைப்பது. மூன்று, சொல்லில் தொடங்கி, அந்தச் சொற்களுக்குள்ளிருந்தே எழுத்துகளைப் பிரித்தெடுப்பது. பேசத் தெரிந்த, தமிழ் பேசும் வீட்டில் வளரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றாவதையே பரிந்துரைப்போம். பேச்சே வராத குழந்தைக்கு இரண்டாவது வழியில் வெகுதூரம் போகலாம். முதல் வழி யாருக்கு என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

காது, கண், நினைவு

21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோம். குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு ஏராளம் என்றாலும், கற்பதில் ஒரு பொதுவான சாயல் உண்டு. காதால் கேட்டதைச் சில விநாடிகள் மனத்தில் பிடித்துவைக்கும் திறன் இவர்களுக்குக் குறைவு. கண்ணால் பார்த்தது அதைவிட நன்றாகத் தங்கும். ‘க், ஆ, ல்’ என்று மூன்று ஒலிகளைக் கேட்டு, மூன்றையும் நினைவில் வைத்து, ஒன்றாகச் சேர்ப்பது பலவீனமான பக்கத்தில் பாரம் ஏற்றும் வேலை. மேசைமேல் அசையாமல் கிடக்கும் அட்டை எவ்வளவு நேரம் பார்த்தாலும் மறையாது. பேச்சு வாயைவிட்டு வந்ததும் காற்றோடு போய்விடும்.

காது கேட்பதில் உள்ள குறையும் இங்கே சேர்ந்துகொள்கிறது. நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது இந்தக் குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். சளி பிடித்த வாரங்களில் ‘ப’வும் ‘த’வும் ஒன்றுபோலக் கேட்கலாம். பார்வையில் கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டும் அதிகம். அதற்கு மேல், கிட்டத்தில் இருப்பதைக் கூர்மையாக்கிப் பார்க்கும் விழியின் திறனும் பலருக்குக் குறைவு. இதனால் சில குழந்தைகளுக்கு இரு-குவிக் கண்ணாடியை (பைஃபோகல்) மருத்துவர்கள் தருகிறார்கள். ஆகவே அட்டை வெட்டுவதற்கு முன் செய்யவேண்டியது காதுப் பரிசோதனையும் கண் பரிசோதனையும்தான். ‘கவனமே இல்லை’ என்று சொல்லப்பட்ட குழந்தைக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தால், எந்த முறையும் வேலைசெய்யாது.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் உளவியலாளர் சூ பக்லி 1980-களில் தொடங்கிய ஆய்வுகள்தான் இந்தக் குழந்தைகளின் வாசிப்பைப் பற்றிய எண்ணத்தை மாற்றின. மூன்று வயதிலேயே சொற்களை அடையாளம் காணும் குழந்தைகள் இருந்தார்கள். வாசிப்பு அவர்களுடைய பேச்சையும் வளர்க்கிறது என்பதை அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். பேச்சு நன்றாக வந்தபின் படிப்பு என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

எழுத்து வரிசை வழி

இந்த வழியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. தமிழ் எழுத்துமுறை ஒழுங்கானது. எழுத்துகள் தெரிந்துவிட்டால், பார்த்திராத சொல்லையும் வாசித்துவிடலாம். பள்ளியும் இதே வரிசையில்தான் போகும். பாட்டி, தாத்தா யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சொல்லித்தரலாம்.

சிக்கல் சுமையில் இருக்கிறது. மொத்தம் 247 எழுத்துகள். அத்தனையும் தனித்தனிச் சித்திரங்கள் அல்ல, உண்மைதான். துணைக்காலும் கொம்பும் எந்த மெய்யோடும் ஒரே மாதிரிதான் சேரும். ஆனால் உகர, ஊகார வரிசைகள் அப்படியில்லை. கு, து, பு, மு என்று ஒவ்வொன்றின் வாலும் ஒவ்வொரு பக்கம் போகும். ‘கொ’ என்ற ஒரே ஒலி கண்ணுக்கு மூன்று துண்டாகத் தெரியும்: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் குழந்தை கொம்பிலேயே நின்றுவிடும். ன, ண, ந மூன்றையும், ல, ள, ழ மூன்றையும் காதால் பிரிப்பது மற்றக் குழந்தைகளுக்கே கடினம்.

இவற்றைவிடப் பெரிய குறை, தனி எழுத்துக்குப் பொருள் இல்லை என்பது. ‘ங’வைக் கற்றுக்கொண்டால் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? சார்ட்டில் உள்ள சொற்களாவது உதவுமா என்றால், உ என்றால் உரல், ஔ என்றால் ஔவையார், ஃ என்றால் எஃகு. மூன்றையும் அந்தக் குழந்தை வீட்டில் பார்த்திருக்காது. எழுத்தும் புதிது, படமும் புதிது, சொல்லும் புதிது.

மனப்பாடமாக ஒப்பிப்பதை வாசிப்பு என்று நம்பிவிடும் அபாயமும் இங்கே உண்டு. பாட்டுப்போல அ முதல் ஔ வரை சொல்லும் குழந்தையிடம் ‘எ’வை மட்டும் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் ‘அ, ஆ, இ...’ என்று தொடக்கத்திலிருந்து ஓடிவந்துதான் ‘எ’வைச் சேரும்.

முழுச் சொல் வழி

குழந்தை ஏறக்குறைய ஐம்பது சொற்களைப் புரிந்துகொள்கிறதா? பேசவேண்டியதில்லை, ‘செருப்பு எங்கே’ என்றால் பார்த்தாலோ, சைகை காட்டினாலோ போதும். ஒரே மாதிரி இரண்டு படங்களை ஜோடி சேர்க்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் தொடங்கலாம். பல குழந்தைகளுக்கு இது இரண்டரை முதல் நான்கு வயதுக்குள் வரும். பிந்தினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

அட்டை செய்வது எளிது. தடித்த ஏ4 தாளைக் குறுக்கே மூன்றாக வெட்டினால் 21 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரத்தில் மூன்று அட்டைகள். ஓர் அட்டையில் ஒரே சொல். எழுத்தின் உயரம் இரண்டரை முதல் மூன்று செ.மீ., தடித்த கருப்பு மார்க்கர், வெள்ளைப் பின்னணி. பிரிண்ட் எடுப்பதானால் அலங்காரமில்லாத எழுத்துருவில் 120 அளவை ஒட்டி வையுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி சன்னமாக இருந்தால் கண்ணில் படாது. கையால் அழுத்திப் பெரிதாக்குங்கள். லாமினேஷன் செய்தால் மங்கல் வகை கேளுங்கள். பளபளப்பு வகையில் டியூப்லைட் பிரதிபலித்து, பாதிச் சொல் வெள்ளையாகிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று அட்டை தேவை: போட்டோவும் சொல்லும் உள்ளது ஒன்று, சொல் மட்டும் உள்ளது இரண்டு.

எந்தச் சொற்களில் தொடங்குவது? எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஜோடி ‘அம்மா’, ‘அப்பா’. இந்த ஜோடியில் தொடங்காதீர்கள். இரண்டும் ‘அ’வில் தொடங்கி, நடுவில் புள்ளிவைத்த எழுத்து வந்து, துணைக்காலில் முடிகின்றன. அக்கா, அண்ணா இரண்டும் அதே அச்சு. படம்போலப் பார்க்கும் கண்ணுக்கு நான்கும் ஒன்றுதான். நீளத்திலும் வடிவத்திலும் நன்றாக வேறுபடும் சொற்களை எடுங்கள். அம்மா, பூனை, தோசை, பந்து என்றால் குழப்பம் குறைவு. அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்கள் பெயர், குழந்தையின் சொந்தப் பெயர், அது உயிரைவிடும் தின்பண்டம், விடாமல் தூக்கிக்கொண்டு திரியும் பொம்மை, இவற்றை முதலில் சேருங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ‘யானை’யைவிட ‘முறுக்கு’ முக்கியமாக இருக்கலாம்.

கற்றுத்தருவது மூன்று படி. முதல் படி ஜோடி சேர்த்தல். இரண்டு போட்டோ அட்டைகளை மேசைமேல் வையுங்கள். ‘பூனை’ என்று எழுதிய அட்டையைக் குழந்தை கையில் கொடுத்து, ‘பூனை. பூனையை பூனைமேல வை’ என்று சொல்லி, தேவைப்பட்டால் கையைப் பிடித்தே வைக்கச்செய்யுங்கள். அது சரியாக வந்தபின் போட்டோவை எடுத்துவிட்டு, சொல்லோடு சொல்லை ஜோடி சேர்க்கவேண்டும். இரண்டாம் படி எடுத்துத் தருதல்: ‘தோசை எங்க? எடு.’ மூன்றாம் படி பெயர் சொல்லுதல்: அட்டையைக் காட்டி, ‘இது?’ இந்த வரிசை மாறக்கூடாது. முதல் நாளே ‘இது என்ன, சொல்லு’ என்று கேட்பது கற்பித்தல் ஆகாது, அது பரீட்சை.

தவறு செய்யவிட்டுத் திருத்துவதைவிடத் தவறே நடக்காமல் பார்த்துக்கொள்வது இந்தக் குழந்தைகளிடம் நல்லது. ஒருமுறை தப்பான அட்டையை எடுத்தால், அந்தத் தப்பே பழக்கமாகப் பதியும். ‘இல்லை, இல்லை’ என்று கேட்டுக்கேட்டு முயற்சியையே விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு. கை தவறான பக்கம் போகத் தொடங்கும்போதே சரியான அட்டையைச் சற்று முன்னால் நகர்த்திவிடுங்கள். அடுத்த முறை உதவியைக் கொஞ்சம் குறையுங்கள்.

உச்சரிப்பைத் திருத்த இது நேரமல்ல. ‘தோசை’யை ‘தோத்தை’ என்றால் வாசித்துவிட்டது என்றே கணக்கு. நீங்கள் ஒருமுறை தெளிவாகத் ‘தோசை’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். பேச்சே வராத குழந்தை இரண்டாம் படியிலேயே வாசிப்பாளர்தான். நான்கு அட்டைகளில் சரியானதை எடுத்துக் கொடுத்தால் அது அந்தச் சொல்லை வாசித்திருக்கிறது.

ஒரு அமர்வு ஐந்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு தடவை. ஒரு வாரத்துக்குப் புதுச்சொல் இரண்டு அல்லது மூன்று. ஒரு சொல்லை மூன்று வெவ்வேறு நாள்களில், ஐந்தில் நான்கு தடவை உதவியின்றிச் சொன்னாலோ எடுத்தாலோ அதைத் ‘தெரிந்த சொல்’ பெட்டிக்கு மாற்றுங்கள். அந்தப் பெட்டியை வாரம் இரண்டு தடவையாவது புரட்டவேண்டும். நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாமல் போவது இவர்களிடம் சகஜம். காய்ச்சலுக்குப் பின், காது அடைத்த நாள்களில், பயண அலைச்சலுக்குப் பின் அது கூடும். அப்போது புதுச்சொல்லை நிறுத்திவிட்டுப் பழைய சொற்களோடு ஒரு வாரம் இருங்கள்.

உட்காரும் விதத்தையும் கவனிக்கவேண்டும். தசைகள் தளர்வாக இருப்பதால், கால் தொங்கிக்கொண்டிருக்கும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவே பாதி சக்தி போய்விடும். பாதம் முழுதும் படியும்படி ஒரு பலகையோ தடித்த புத்தகக் கட்டோ கீழே வையுங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். அட்டைகளைச் சாய்வாக நிறுத்த ஒரு பழைய ஃபைல் போதும்.

அட்டையை வீசுவது, மேசைக்கடியில் வழுக்கிக்கொண்டு போவது, கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துப் பேச்சை மாற்றுவது, இவற்றையெல்லாம் அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை கடினமாக இருக்கிறது, அல்லது ஒரே அட்டையை இருபதாவது தடவை பார்த்துச் சலித்துவிட்டது, அல்லது நேரம் நீண்டுவிட்டது. குழந்தை நிறுத்துவதற்கு முன் நீங்கள் நிறுத்துங்கள். நன்றாகப் போகிறதே என்று இன்னும் ஐந்து நிமிடம் இழுத்தால், மறுநாள் அட்டைப் பெட்டியைப் பார்த்ததுமே எழுந்து ஓடும்.

போட்டோவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது இந்த வழியின் பொதுவான ஓட்டை. சார்ட்டில் நடந்ததேதான். முதல் படியைத் தாண்டியதும் போட்டோவை அட்டையின் பின்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். சொல்லை முதலில் பார்க்கவேண்டும், திருப்பினால் பரிசாகப் போட்டோ. அட்டையின் மூலை மடிந்திருப்பதையோ எண்ணெய்க் கறையையோ அடையாளமாக வைத்துச் சொல்லும் கெட்டிக்காரக் குழந்தைகளும் உண்டு. அட்டையை அவ்வப்போது புதிதாக எழுதுங்கள்.

தமிழில் முழுச் சொல் எங்கே முட்டும்

ஆங்கிலத்துக்கான வழிகாட்டிகளில் முழுச் சொல் வழியில் நூற்றுக்கணக்கான சொற்கள் வரை போகலாம் என்று இருக்கும். தமிழில் அவ்வளவு தூரம் போகுமுன்பே தடுக்கும். நம் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருவமே மாறும். அம்மா, அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாவோடு. வீடு, வீட்டில், வீட்டுக்கு. ஒவ்வொன்றையும் தனிப்படமாக மனத்தில் வைப்பதானால் ஐம்பது சொல் இருநூறு படமாகிவிடும். வினைச்சொற்கள் இன்னும் அதிகம்.

இருந்தாலும் தொடக்க வாக்கியங்களுக்குத் தமிழ் வசதியான மொழி. ‘இது பந்து’, ‘இது என் பை’, ‘தோசை எங்கே’, இவற்றுக்கு வினைச்சொல்லே வேண்டாம். இருபது சொல் தெரிந்ததும் இரண்டு அட்டைகளைச் சேர்த்து வாக்கியம் ஆக்குங்கள். பந்து எடு. பூனை வா. முறுக்கு கொடு. குழந்தை வாசித்ததும் அதைச் செய்துகாட்டவேண்டும்: ‘முறுக்கு கொடு’ என்று வாசித்தால் முறுக்கு கைக்கு வரவேண்டும். எழுத்துக்கு இவ்வளவு சக்தியா என்று குழந்தை உணர்வது அங்கேதான்.

வேற்றுமை உருபுகளைப் பேச்சில் விழுங்கிவிடுவது இந்தக் குழந்தைகளிடம் அதிகம். ‘அம்மா கொடு’ என்பார்கள், அது அம்மாவிடம் கேட்பதா, அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்வதா என்று தெரியாது. காதில் நழுவும் ‘க்கு’வைக் கண் பிடித்துக்கொள்ளும். ‘அம்மாவுக்கு’ என்ற அட்டையில் ‘வுக்கு’ பகுதியை மட்டும் வேறு நிறத்தில் எழுதி, ‘தாத்தாவுக்கு’, ‘அக்காவுக்கு’ அட்டைகளோடு அடுக்கிக் காட்டுங்கள். வாசிப்பு பேச்சைச் செப்பனிடுவது இப்படித்தான். வீடு, மரம்போல உருவம் உடையும் சொற்களை இந்த நேரத்தில் தொடவேண்டாம்.

சொல்லிலிருந்து எழுத்துக்கு

2012-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு இங்கே முக்கியம். டவுன் சிண்ட்ரோம் உள்ள 57 பள்ளிக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 20 வாரம், தினமும் 40 நிமிடம், முழுச் சொல்லையும் எழுத்து ஒலியையும் பேச்சுமொழியையும் சேர்த்துத் தனியாகச் சொல்லித்தந்தார்கள். சொல் வாசிப்பு, எழுத்து ஒலி அறிவு, ஒலிகளைச் சேர்த்தல், கற்றுத்தந்த சொற்களைப் பேச்சில் பயன்படுத்துதல் ஆகியவற்றில் அந்தக் குழு முன்னேறியது. வயதில் சிறியவர்களும், வகுப்புகளைத் தவறவிடாதவர்களும், பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் கூடுதலாக இருந்தவர்களும் அதிகம் முன்னேறினார்கள். ஆனால் கற்றுத்தராத பகுதிகளுக்கு அந்த முன்னேற்றம் தானாகப் பரவவில்லை. இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ளவேண்டியது இரண்டு: கலந்து சொல்லித்தருவது பலன் தருகிறது, ‘தானா பிடிச்சுக்கும்’ என்று எதையும் விட்டுவைக்கக்கூடாது.

முப்பது சொல் அளவில் தெரிந்ததும் எழுத்துக்குள் நுழையலாம். தமிழில் இதற்கு ஒரு நல்ல பாலம் இருக்கிறது. பூ, கை, பை, வா, போ, தா, தீ, ஈ. இவை எழுத்தும்தான், சொல்லும்தான். ‘கை’ அட்டையைக் காட்டினால் கையைக் காட்டும். எழுத்து கற்றதாகவே அதற்குத் தோன்றாது. கையும் பையும் கிட்டத்தட்ட ஒரே வடிவம் என்பதால் ஒன்றை முழுதும் உறுதியாக்கிவிட்டு மற்றதைக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது குடும்பச் சொற்கள். கால், பால், வால். காய், தாய், நாய், பாய், வாய். எல்லாவற்றுக்கும் படம் உண்டு, எல்லாம் இரண்டே எழுத்து. ‘ல்’ எழுதிய ஓர் அட்டையை நிலையாக வைத்து, முன்னால் கா, பா, வா அட்டைகளை மாற்றிமாற்றி வையுங்கள். க் + ஆ + ல் என்று மூன்றாக உடைக்காதீர்கள். ‘கா’வும் ‘ல்’லும் என்று இரண்டு துண்டு போதும், நினைவில் வைக்கவேண்டிய ஒலி இரண்டாகக் குறையும். எழுத்தின் பெயரையும் சொல்லவேண்டாம். ‘கானா’, ‘காவன்னா’ என்று கற்றால் ‘காவன்னா, இல்’லிலிருந்து ‘கால்’ வரவே வராது.

தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த அம்மா, அப்பா, அக்கா இப்போது உதவிக்கு வரும். ஓரங்கள் ஒன்றாக இருந்து நடு மட்டும் மாறுவதால், ம, ப, க மூன்றையும் உற்றுப்பார்க்கவைக்க இவற்றைவிட நல்ல சொற்கள் இல்லை. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மாறும் இடத்தை மட்டும் வட்டமிடுங்கள்.

சொல் முன்பே தெரிந்திருப்பதற்கு இன்னொரு பலனும் உண்டு. ‘பாம்பு’ என்பதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பகர வரிசைதான், ஆனால் ஒலி இரண்டு விதம். எழுத்து ஒலியை மட்டும் கற்ற குழந்தை இங்கே தடுமாறும். பாம்பை அறிந்த குழந்தை தானே சரிசெய்துகொள்ளும்.

எந்த மொழியில்?

வீட்டில் குழந்தையோடு எந்த மொழியில் பேசுகிறீர்களோ அதில் தொடங்குங்கள். பள்ளி ஆங்கில வழி என்பதற்காக, தமிழ் மட்டுமே பேசும் வீட்டில் ‘கேட்’, ‘ஆப்பிள்’ என்று தொடங்கினால் குழந்தை சொல்லையும் புதிதாகக் கற்கவேண்டும், எழுத்தையும் புதிதாகக் கற்கவேண்டும். ‘இரண்டு மொழி குழப்பும், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்’ என்ற அறிவுரைக்கு ஆதாரம் இல்லை. இருமொழிச் சூழலில் வளரும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் அதனால் பின்தங்குவதில்லை என்று கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பள்ளியில் ஆங்கிலம் தொடங்கிவிட்டால், தமிழில் முப்பது சொல் வந்தபின் அதையும் சேருங்கள். ஆங்கில அட்டைகளுக்கு வேறு நிற விளிம்பு, வேறு பெட்டி, முடிந்தால் வேறு ஆள். அதன் எழுத்துக்கூட்டல் ஒழுங்கற்றது என்பதால் ஆங்கிலத்தில் முழுச் சொல் வழி இன்னும் நீண்ட நாள் தேவைப்படும்.

பேச்சுத்தமிழா, பாடப்புத்தகத் தமிழா

பெயர்ச்சொற்களில் பெரிய தொல்லை இல்லை. வினையில்தான் பிரச்சினை. குழந்தை ‘சாப்பிடுறாங்க’ என்று கேட்கிறது, புத்தகத்தில் ‘சாப்பிடுகிறார்கள்’ என்று இருக்கிறது. பேசவே சிரமப்படும் குழந்தைக்கு யாரும் பேசாத வடிவத்தை முதலில் கொடுப்பது வீண் பாரம். இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் வடிவங்களில் முதல் ஆண்டை ஓட்டிவிடலாம்: வா, போ, எடு, கொடு, குடி, ஓடு, பிடிக்கும். ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’, ‘எனக்கு நாய் பிடிக்கும்’ என்று எட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் செய்யுங்கள். பக்கத்துக்கு ஒரு போட்டோ, கீழே ஒரே வரி, எல்லாப் பக்கத்திலும் வரி அதே இடத்தில். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுத் தருவார்கள்.

அதைத் தாண்டியபின் வீட்டுப் புத்தகத்தில் பேச்சு வடிவத்தையே எழுதலாம் என்பது எங்கள் கருத்து. பள்ளிப் பாடம் நெருங்கும்போது எழுத்து வடிவத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஒரே புத்தகத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

போனும் எழுதுகோலும்

எழுத்து சொல்லித்தரும் செயலிகளில் குரலும் நிறமும் இழுக்கும். ஆனால் கண்டபடி தட்டினாலும் ஏதோ ஒன்று கைதட்டும். குழந்தை கற்பது தட்டுவதைத்தான். தப்பு நடக்குமுன் கையைத் திருப்பிவிட அங்கே யாரும் இல்லை. போனை போட்டோ எடுக்கவும், தாத்தாவின் குரலில் சொற்களைப் பதிந்துகொள்ளவும் பயன்படுத்துங்கள்.

எழுதுவதையும் வாசிப்பதையும் பிரித்துவிடுங்கள். விஜயதசமியன்று அரிசியில் ‘அ’ எழுதித்தான் நம் வீடுகளில் படிப்பு தொடங்குகிறது. அதை மகிழ்ச்சியாகச் செய்யுங்கள். ஆனால் குட்டையான விரல்களும் தளர்ந்த தசையும் உள்ள கை, கண்ணைவிட ஓரிரு ஆண்டுகள் பின்னால் வரலாம். நாற்பது சொல் வாசிக்கும் குழந்தை ‘ட’ எழுதத் தெரியாமல் இருப்பதில் தவறில்லை. அதுவரை எழுத்து அட்டைகளை நகர்த்திச் சொல் அமைக்கட்டும்.

ஏற்கெனவே எழுத்து கற்ற குழந்தை

ஆறு ஏழு வயதில், பள்ளியிலோ சிறப்பாசிரியரிடமோ எழுத்துகளைக் கற்று, ஆனால் வாசிக்காமல் நிற்கும் குழந்தைகள் நிறைய. எழுத்து வழி இவர்களுக்கு வீண்போகவில்லை. அதை மறக்கடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். எந்த எழுத்துகள் நிஜமாகத் தெரியும் என்று முதலில் பாருங்கள். வரிசையைக் கலைத்து, நான்கு எழுத்துகளை ஒரு தடவைக்கு வைத்து, ‘மா எங்க’, ‘டி எங்க’ என்று கேளுங்கள். சொல்லவைக்க வேண்டாம், எடுத்துத் தந்தால் போதும். வேறொரு நாளும் அதே எழுத்தை எடுத்துத் தந்தால் அது தெரிந்த எழுத்து. பதினைந்து வந்தாலே தாராளம். அந்தப் பதினைந்துக்குள் அமையும் சொற்களைத் தேடி, அவற்றுக்கு மேலே சொன்ன மூன்று படிகளைச் செய்யுங்கள்.

பிறகு ஒரு சிறு சோதனை. ‘கால்’, ‘பால்’ உறுதியாகத் தெரிந்தபின், சொல்லித்தராத ‘வால்’ அட்டையை வைத்துவிட்டுப் பத்து விநாடி பேசாமல் இருங்கள். இந்தக் குழந்தைகளுக்குப் பதில் வர நேரமெடுக்கும். இடையில் நாம் பேசினால் முதலிலிருந்து யோசிக்கவேண்டியிருக்கும். ‘வா...’ என்று வாயசைத்தால் எழுத்து வேலைசெய்யத் தொடங்கிவிட்டது, குடும்பச் சொற்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். ‘கால்’ என்று சொன்னால் இன்னும் முழுப்படமாகத்தான் பார்க்கிறது. ‘வா’ அட்டையையும் ‘கா’ அட்டையையும் பக்கத்தில் வைத்து, ‘வால்’ அட்டையின் முதல் எழுத்து எதோடு சேரும் என்று ஜோடி சேர்க்கவைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.